பாதிக் காற்றில் ஓடும் எஞ்சின்

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடத்தில் தாண்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பெட்ரோல் பங்கில் நின்ற அறிவிப்புப் பலகை அந்த வழியில் போனவர்களிடையே பேர்போனது: அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில். அதைப் படித்த பிறகு டேங்கை நிரப்பாமல் கிளம்பும் துணிச்சல் யாருக்கும் வராது. பைக்கில் போகிறவர்கள் கேனிலும் பிடித்துக் கட்டிக்கொள்வார்கள். எரிபொருளுக்கு இத்தனை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினால், பாரலாச்சா, லாச்சுங், தாங்லாங் என்று கணவாய்கள் 4,900, 5,100, 5,300 மீட்டர் என்று உயர உயர, வண்டிக்குத் தட்டுப்பாடாவது காற்று. அதற்கு பங்க் கிடையாது, கேனிலும் பிடிக்க முடியாது.

எடை போட்டுப் பார்த்தால் எஞ்சின் உட்கொள்வதில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. ஆக, லிட்டருக்கு 11 கிலோ காற்று. சமவெளியில் அது 9,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். டேங்கில் இருப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறோம், மீதியை வண்டி வழிநெடுக இலவசமாக உறிஞ்சிக்கொள்கிறது. இலவசமாக வருவதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அதனால்தான் மலையில் வண்டி இழுக்காமல் திணறும்போது முதலில் பங்க்காரரையும் அடுத்து மெக்கானிக்கையும் திட்டுகிறோம்.

350 சி.சி. பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கீழிறங்கி, சிலிண்டர் கொள்ளுமளவு காற்றை இழுக்கிறது. கடற்கரையில் அந்த 350 சி.சி. காற்றின் எடை 0.42 கிராம். அதில் எரியக்கூடிய பெட்ரோல் 29 மில்லிகிராம், ஒரு சொட்டுதான். லே நகரத்துக்கு வடக்கே உள்ள கார்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கேயும் பிஸ்டன் அதே 350 சி.சி.யைத்தான் இழுக்கிறது. சிலிண்டர் சுருங்கவில்லை, பிஸ்டனின் வேகமும் குறையவில்லை. ஆனால் உள்ளே வந்த காற்றின் எடை 0.23 கிராம்தான். அதில் 16 மில்லிகிராம் பெட்ரோல் எரியும். அதற்கு மேல் ஒரு துளி ஊற்றினாலும் எரியாது.

உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம் குறைவதில்லை. மெரினாவிலும் கார்துங் லாவிலும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன்தான். குறைவது ஒட்டுமொத்தக் காற்றின் நெருக்கம். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று தன் எடையால் கீழே உள்ள காற்றை அமுக்கி நெருக்குகிறது. மேலே போகப் போக அமுக்குவதற்கு எஞ்சியிருக்கும் காற்று குறைகிறது. 1648-இல் பிரான்சில் அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரன் பெரியே, பாதரசக் குழாயை புய் தெ டோம் என்ற மலைக்குத் தூக்கிக்கொண்டு ஏறி, பாதரசம் இறங்குவதைக் காட்டி இதை நிறுவினார். இன்றைய அளவில் சொன்னால், கடல் மட்டத்தில் 1,013 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் லேயில் (3,500 மீட்டர்) சுமார் 650, கார்துங் லாவில் 515-ஐ ஒட்டி. வெயில் நாளில் காற்று சூடாகி இன்னும் விரிவதால், அதே கணவாயில் காலையைவிட மதியத்தில் எஞ்சினுக்கு மூச்சு கூடுதலாக முட்டும்.

கார்துங் லாவின் உச்சியில் இருந்த பலகை 18,380 அடி என்று பெருமையடித்துக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் அளவீடுகளோ 17,582 அடி என்கின்றன. எஞ்சினுக்குப் பலகை படிக்கத் தெரியாது. அது உண்மையான உயரத்துக்குத்தான் திணறும். உலகின் மிக உயரமான வண்டிச்சாலை என்ற பட்டமும் பின்னாளில் கைமாறியது. எல்லைச் சாலைகள் அமைப்பு லடாக்கில் உம்லிங் லா வழியாகப் போட்ட 19,024 அடி உயரச் சாலையை 2021-இல் கின்னஸ் அங்கீகரித்தது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் கீழே.

கார்துங் லாவில்போல் காற்று 55 சதவீதமாகக் குறைந்தால் வலுவும் 55 சதவீதமாக நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். அவ்வளவுகூட நிற்காது. எஞ்சின் ஈட்டும் வலுவில் ஒரு பங்கு அதன் சொந்தச் செலவுக்கே போகிறது. பிஸ்டன் வளையங்களின் உராய்வு, பேரிங், வால்வு ஸ்பிரிங், ஆயில் பம்ப், தண்ணீர் பம்ப் என்று செலவுகள் பல. சிலிண்டருக்குள் 100 பங்கு வலு உண்டானால் சுமார் 15 பங்கு இதற்குப் போய், 85 வெளியே வரும். உயரத்தில் வருமானம் 55 ஆகிவிடுகிறது. செலவோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 55-இல் 15 போனால் 40. வழக்கமாக 85 கொடுத்த எஞ்சின் 40 கொடுக்கிறது, அதாவது பாதிக்கும் குறைவு. 20 குதிரைத்திறன் என்று விற்ற பைக் அங்கே 9 அல்லது 10 குதிரைத்திறன் பைக். ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் வலு குறையும் என்று ஓட்டுநர்களும் பொறியாளர்களும் வைத்திருக்கும் கைக்கணக்கும் ஏறத்தாழ இங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

இதைப் பார்க்க லடாக் வரை போகத்தான் வேண்டும் என்றில்லை. 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியிலேயே காற்று ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுகிறது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது ஏற்றம் செங்குத்தாக இருப்பதால், வண்டி திணறுவதற்கு ஏற்றத்தையே காரணமாக்கிவிடுகிறோம். லடாக்கின் மோரே சமவெளி போன்ற இடத்தில் இந்தச் சாக்கு எடுபடாது. 4,700 மீட்டர் உயரத்தில் தட்டையாக, நேராகக் கிடக்கும் சாலை. அங்கே ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகியும் வண்டி பழைய வேகத்துக்கு வரவில்லை என்றால் ஏற்றத்தின் மேல் பழி போட முடியாது.

ஆனால் மிதமான வேகத்தில் போகிறவருக்குப் பல நேரம் இந்த இழப்பு தெரியவே தெரியாது. சமவெளியில் நாம் எஞ்சினின் முழு வலுவைக் கேட்பதே அரிது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டர் என்பது காற்று வரும் வழியைத் திறக்கும் தகடுதான். கால்வாசி திறந்து ஓட்டிக்கொண்டிருந்தவர் மலையில் பாதி திறப்பார், வலு வந்துவிடும். முழுதாகத் திறந்தும் போதாமல் போகும் இடத்தில்தான் சங்கதி வெளியே வரும். அந்த இடம் பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவாக இருக்கும், முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கும்.

காற்று குறைவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் குறைந்த காற்றுக்கேற்ப பெட்ரோலையும் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் தடுமாறுவது இங்கேதான். அதன் கழுத்துப் பகுதி குறுகலானது. காற்று அந்த இடத்தில் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அழுத்தம் விழும். விழுந்த அழுத்தம் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். அழகான ஏற்பாடு, ஒரே ஒரு குறை. உறிஞ்சும் விசை காற்றின் அடர்த்தியைப் பொறுத்துக் குறைகிறது, பெட்ரோலின் பாய்ச்சலோ அந்த விசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் குறைகிறது. காற்று 100-இலிருந்து 55-க்கு இறங்கும்போது பெட்ரோல் 74-க்குத்தான் இறங்குகிறது. தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகிறது. அது எரிய ஆக்சிஜன் இல்லை. கரியாகி ஸ்பார்க் பிளக்கில் அப்பிக்கொள்ளும், புகையாகி வெளியே போகும். ஐடிலிங்கில் வண்டி ஆஃப் ஆகும். பாதிக் காற்றால் போன வலு போதாதென்று, பெட்ரோல் மிஞ்சியதாலும் இன்னும் கொஞ்சம் போகும். மைலேஜும் விழும். தாண்டியில் கேனில் பிடித்தவர் பிழைத்துக்கொள்வார்.

1955 முதல் சென்னையில் தயாராகும் புல்லட் பைக்குகள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் இமயமலை ஏறின. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் கண்டுவைத்த வைத்தியம் சரியானது: மெயின் ஜெட்டைக் கழற்றி ஒன்றிரண்டு எண் சிறிய ஜெட்டை மாட்டுவது, ஊசியை ஒரு படி இறக்குவது, ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் திறப்பது. இதைச் செய்ததும் வண்டி தெளிவாக ஓடும், ஓட்டுகிறவர் எஞ்சினுக்குப் பழைய வலு திரும்பிவிட்டதாக நம்புவார். திரும்பியது பெட்ரோலின் கோளாறால் போன வலு மட்டும். காற்றுக் குறைவால் போனது போனதுதான். இதில் ஆபத்தும் உண்டு. சிறிய ஜெட்டோடு சமவெளிக்கு இறங்கினால் அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். தொடர்ந்து விரட்டினால் பிஸ்டனே உருகி ஓட்டையாகலாம். கழற்றிய பழைய ஜெட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருப்பவர்தான் விவரமானவர்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிவது இன்னொரு பரவலான வைத்தியம். இது சரியல்ல. சுத்தமான ஃபில்டர் எஞ்சினை முழுதாக விரட்டும்போதுகூட நூற்றில் ஓரிரு பங்கு காற்றைத்தான் தடுக்கிறது. போனது 45 பங்கு. பிறகு ஏன் கழற்றியவர்கள் எல்லாரும் வண்டி நன்றாக இழுப்பதாகச் சத்தியம் செய்கிறார்கள்? ஃபில்டர் போனதும் கார்புரேட்டரின் உறிஞ்சல் குறைந்து, மிஞ்சிய பெட்ரோல் சற்று மட்டுப்படுகிறது. ஜெட்டை மாற்றியிருந்தால் கிடைத்திருக்கும் பலன் கோணல் வழியில் கிடைக்கிறது. விலையாக, மாவு போன்ற லடாக் தூசி சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் சுவரைத் தேய்க்கிறது. ஊர் திரும்பிய பின் ஆயில் குடிக்கும் வண்டிக்கு அப்போதும் மெக்கானிக்குக்குத்தான் திட்டு.

விலை உயர்ந்த, ஆக்டேன் கூடிய பெட்ரோலைத் தேடி ஊற்றுவதும் வீண். ஆக்டேன் என்பது வலுவின் அளவல்ல. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பெட்ரோல் தானாகத் தட்டி வெடிக்காமல் தாங்கும் திறன். பாதிக் காற்றில் அழுத்தமே குறைவு என்பதால் தட்டுவதும் குறைவு. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் சாதாரண பெட்ரோல், மற்ற இடங்களின் 87-க்குப் பதில் 85 ஆக்டேனில் விற்கப்படுவதற்கு, கார்புரேட்டர் காலத்தில் தொடங்கிய இந்தக் கணக்குதான் காரணம்.

விமானிகள் இந்தச் சிக்கலை ஒரு கைப்பிடியில் தீர்த்துக்கொண்டார்கள். சிறிய பிஸ்டன் விமானங்களில் ஆக்ஸிலேட்டருக்குப் பக்கத்திலேயே சிவப்பு நிறத்தில் ஒரு குமிழ் இருக்கும். உயரம் கூடக் கூட அதை இழுத்துப் பெட்ரோலைக் குறைப்பது ஓட்டுகிறவரின் வேலை. இறங்கும்போது மறக்காமல் உள்ளே தள்ளுவதும் அவர் வேலை. சாலை வண்டிகளில் அந்தக் குமிழின் இடத்தை ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் பிடித்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது, வெப்பத்தை இன்னொன்று. சைலன்சர் குழாயில் மீந்த ஆக்சிஜனை மூன்றாவது ஒன்று மோப்பம் பிடிக்கிறது. இந்தக் கணக்குகளை வைத்து, ஒவ்வொரு சுழற்சிக்கும் எத்தனை மில்லிகிராம் பெட்ரோல் தெளிப்பது என்று கணினி முடிவு செய்கிறது. சில பழைய அமைப்புகளில் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சாவி போடும் நேரத்தில்தான் கணினி குறித்துக்கொள்ளும். நீண்ட ஏற்றத்தில் வண்டி மந்தமானால் ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போடச் சொல்லும் மெக்கானிக்கின் யோசனையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம்.

ராயல் என்ஃபீல்டு 2016-இல் கார்புரேட்டரோடு கொண்டுவந்த ஹிமாலயன் பைக் மறு ஆண்டே இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் புதிய பைக்குகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தேபோனது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை என்ற பேச்சு அதன்பிறகு பரவியது. பிளக் கரியாகாது, ஐடிலிங்கில் ஆஃப் ஆகாது, மைலேஜ் கெடாது, இவையெல்லாம் உண்மை. ஆனால் 0.23 கிராம் காற்றை 0.42 கிராமாக்கும் வித்தை எந்தக் கணினிக்கும் தெரியாது.

காற்றைக் கூட்ட வேண்டுமானால் அதை அமுக்கித்தான் திணிக்க வேண்டும். விறகடுப்பில் தீ மங்கினால் விறகை மேலும் மேலும் செருகிப் பயனில்லை, புகைதான் மண்டும். ஊதாங்குழலை எடுத்து ஊத வேண்டும். டர்போ இல்லாத பழைய டீசல் லாரிகள் கணவாய்களில் கக்கும் கரும்புகை அந்த அடுப்புப் புகையேதான். டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் தகடு கிடையாது. ஆக்ஸிலேட்டர் நேராக டீசலின் அளவைக் கூட்டுகிறது. காற்று பாதியாகிவிட்டது என்று பழைய பம்புக்குத் தெரியாது. சமவெளியில் தெளித்த அதே அளவைத் தெளிக்கும். சில பம்புகளில் மட்டும் காற்றழுத்தத்துக்கேற்பச் சுருங்கி விரியும் ஒரு சிறு உலோகப் பெட்டி இருந்து டீசலைக் குறைத்துக்கொள்ளும். புகை நிற்கும், ஆனால் இழுவை கூடாது.

எஞ்சினுக்கு டர்போ என்ற ஊதாங்குழல் வந்த கதை முதல் உலகப் போரில் சூடுபிடிக்கிறது. எஞ்சினின் வீணாகும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்ற எண்ணத்துக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி 1905-இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அதன் அவசரத் தேவை வானத்தில் எழுந்தது. மேலே பறக்கிறவன் கையில்தான் சண்டையின் பிடி இருந்தது, மேலே போகப் போக எஞ்சின் சோர்ந்தது. 1917-இல் அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த வில்லியம் டியூராண்ட், கார்னெல் பல்கலைக்கழகத்தில் எரிவாயுச் சுழலி பற்றி ஆய்வு செய்த தன் பழைய மாணவர் ஒருவரை நினைவில் வைத்திருந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த சான்ஃபோர்டு மாஸிடம் பொறுப்பு போனது.

மாஸ் செய்த கருவி தரையில் ஓடியது. ஆனால் அது உயரத்தில் வேலை செய்யும் என்று எப்படிக் காட்டுவது? கொலராடோவில் 14,100 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கு அப்போதுதான் சில ஆண்டுகளுக்கு முன் வண்டிப் பாதை போட்டிருந்தார்கள். 1918-இல் லிபர்ட்டி என்ற 12 சிலிண்டர் விமான எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே ஓட்டினார்கள். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் உச்சியில் 230 கொடுத்தது. டர்போவைப் பூட்டியதும் 356. இழந்ததை மீட்டதோடு 6 கூடுதல். அறிவியல் சோதனைகளில் விடை இவ்வளவு பளிச்சென்று விழுவது அபூர்வம். அந்த ஆண்டு நவம்பரில் போர் முடிந்துவிட்டதால் கருவி உடனே போருக்குப் போகவில்லை. அடுத்த போரில் பி-17 (B-17), பி-47 (P-47) விமானங்கள் அதன் வழித்தோன்றல்களோடுதான் பறந்தன.

இன்று லடாக் ஏறும் லாரிகள் பெரும்பாலும் டர்போ டீசல். ராணுவத்தின் சரக்குகளைச் சுமக்கும் அசோக் லேலண்டு ஸ்டாலியன் சென்னை நிறுவனத்தின் வண்டி, அதுவும் டர்போ. 5,072 மீட்டர் உயரத்தில் தாங்குலா கணவாயைக் கடக்கும் திபெத் ரயில் 2006-இல் ஓடத் தொடங்கியபோது இழுத்தவையும் டர்போ டீசல் எஞ்சின்களே. அந்த ரயிலில் பயணிகளுக்குப் பெட்டிக்குள் ஆக்சிஜன் விடுகிறார்கள். எஞ்சின் தனக்கு வேண்டியதைத் தானே ஊதிக்கொள்கிறது.

டர்போவுக்கு உயரத்தில் ஒரு வசதி உண்டு. புகை வெளியேறும் பக்கத்திலும் காற்று மெலிந்திருப்பதால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. குறைந்த காற்றை அது தானாகவே ஓரளவு ஈடுகட்டும். ஆனால் எல்லை இருக்கிறது. சமவெளியில் வெளிக்காற்றை இரண்டு மடங்கு அமுக்கினால் கிடைக்கும் அழுத்தத்தைக் கார்துங் லாவில் பெற, ஏறக்குறைய நான்கு மடங்கு அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் சிறிய சக்கரம் அதற்கு மேலும் முடுக்கப்பட்டால் சிதறிவிடும். அதனால் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கணினியே டீசலைக் குறைத்து டர்போவைக் காப்பாற்றுகிறது. ஓட்டுநருக்கோ வண்டி ஏமாற்றுவதுபோல் இருக்கும்.

இன்னொரு சங்கடம் அன்றாடமானது. எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுற்றிப் புகை பலமாக வந்தால்தான் டர்போ விழிக்கும். அதற்குக் கீழே அது இருந்தும் இல்லாதது போலத்தான். கொண்டை ஊசியில் வேகத்தை இழந்து, செகண்ட் கியரிலேயே சமாளிக்கலாம் என்று ஓட்டுநர் நினைக்கும் அந்த நொடியில், அவர் கையில் இருப்பது பாதி வலுகூட இல்லாத எஞ்சின். மணாலி சாலையில் கடா லூப்ஸ் என்ற இடத்தில் இப்படி 21 வளைவுகள் அடுத்தடுத்து வரும். பழகியவர்கள் வளைவுக்குள் நுழையும் முன்பே ஃபர்ஸ்ட் கியருக்கு வந்து, எஞ்சினைச் சுற்றவிட்டபடியே திரும்புவார்கள். பழகாதவர்கள் கிளட்ச்சைப் பாதி அழுத்தி ரேஸ் கொடுத்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். மூன்றாவது நான்காவது வளைவில் கிளட்ச் கருகும் வாடை வண்டிக்குள் வரும்.

கியரால் வலுவைக் கூட்ட முடியாது. வலு என்பது விசையும் வேகமும் சேர்ந்த பெருக்கல். வேகத்தை விட்டுக்கொடுத்தால் விசை கிடைக்கும், அவ்வளவுதான். சரக்கோடு 16 டன் எடையுள்ள, டர்போ இல்லாத 110 குதிரைத்திறன் லாரி ஒன்று, நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறும் சாலையில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் அப்படியொரு ஏற்றம் இருந்தால் அது மணிக்கு 21 கி.மீ. வேகத்தில் ஏறும். கார்துங் லா உயரத்தில் அதே ஏற்றத்தில் 10 கி.மீ. வேகத்தில்தான் ஏறும். பக்கத்தில் நடந்து போகிறவரின் வேகத்தைப்போல் இரு மடங்கு. இதை ஏற்றுக்கொண்டு, நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புவதைவிட மலிவான தீர்வு எதுவும் இல்லை. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையைப் பாதியாக்கினால் வேகம் ஏறக்குறைய திரும்பிவிடும் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. ஆனால் வாடகை டன்னுக்கு வருகிறதே!

மெல்லிய காற்று எஞ்சினைக் குளிர்விப்பதிலும் கை கொடுக்காது. ரேடியேட்டர் வழியாக மின்விசிறி அள்ளும் காற்றின் கனஅளவு அதேதான், எடையோ பாதிதான். அள்ளிக்கொண்டு போகும் சூடும் அதற்கேற்பக் குறைவு. தண்ணீர் கார்துங் லாவில் சுமார் 82 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் அழுத்தம் காப்பாற்றுவதால் ரேடியேட்டர் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. மூடி தளர்ந்த வண்டி பனிக்கு நடுவே ஆவி கக்கும். இரவில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. டீசல் எஞ்சின் காற்றை அமுக்கிச் சூடாக்கித்தான் தீ மூட்டுகிறது. காற்றே மெலிந்து, உறைந்தும் கிடந்தால் சூடு போதாது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு கட்டிப்பட்டு ஃபில்டரை அடைக்கும். டேங்கின் அடியில் நெருப்பு மூட்டி ஓட்டுநர்கள் இளக்குவது காலங்காலமாக நடப்பது. லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை பாயும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது.

மூச்சே தேவைப்படாத வண்டிக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை கிடையாது. 2018 ஜூனில் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் ஃபோக்ஸ்வாகனின் மின்கார் ஒன்று, ரோமன் துமா ஓட்ட, 156 வளைவுகள் கொண்ட 20 கி.மீ. பாதையை 7 நிமிடம் 57.148 நொடியில் ஏறியது. அதற்கு முன் 2013-இல் செபாஸ்தியன் லோப் பெட்ரோல் காரில் வைத்திருந்த சாதனை 8 நிமிடம் 13.878 நொடி. தொடங்கும் கோட்டில் இருந்த வலு முடியும் கோட்டிலும் அப்படியே இருந்ததுதான் மின்காரின் பலம். ஆனால் காற்று அதையும் முற்றாக விட்டுவிடவில்லை. மெலிந்த காற்று காரைத் தரையோடு அமுக்கப் போதாது என்பதால், மிகப் பெரிய இறக்கையைப் பின்னால் பொருத்த வேண்டியிருந்தது. லடாக்கில் மின்வண்டிக்கு இடைஞ்சல் உயரமல்ல. குளிரில் சோரும் பேட்டரியும், 365 கி.மீ. பலகையும்தான்.

இனி இறக்கம். ஏறுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் உயிருக்கு உலை வைப்பது இதுதான். கார் பிரேக்கை நாம் காலால் மட்டும் அழுத்துவதில்லை. பிரேக் பெடலுக்குப் பின்னால் ஒரு வட்டப் பெட்டி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. பெடலைத் தொட்டதும் வெளிக்காற்றின் அழுத்தம்தான் நம் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. கணவாயில் அந்த அழுத்தமே பாதி. பலமாக மிதிக்கும்போது பெடல் இறுகும். அதே அளவு நிற்க, கூடுதல் பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். லாரிகளின் ஏர் பிரேக்கிலும் கம்ப்ரசர் ஒவ்வொரு அடிக்கும் உள்ளிழுக்கும் காற்று குறைவு. அடிக்கடி மிதித்துத் தொட்டி காலியானால் நிரம்ப நேரமாகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய லாரிக்காரர் வழக்கம் இங்கே கூடுதல் பொருள் கொள்கிறது. எஞ்சினே சக்கரங்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும், பிரேக் சூடாகாமல் மிஞ்சும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவருக்கு அந்தப் பெட்டியில் வெற்றிடமும் இருக்காது, கியரின் பிடியும் இருக்காது. கணவாயின் உச்சியில் புகைப்படம் எடுத்து முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை இரண்டு மூன்று முறை மிதித்துப் பார்த்து, அது எவ்வளவு இறங்குகிறது என்று காலுக்குப் பழக்கிக்கொண்டு ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் கியரில் கிளம்ப வேண்டும்.